ஆசிபாவின் புருவங்கள்

கோவில்பட்டியில் மண்டபம் பேசி முடித்த கையோடு பெண் வீட்டார் ஆசிபாவிடம் தேதி கேட்டுவிடுவார்கள். மணப்பெண் அலங்காரத்தில் அவளைவிடக் கெட்டிக்காரிகள் ஊரில் இருந்தார்கள். அதை அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் ஆசிபா கைபட்ட பெண் போட்டோவில் விறைத்துக்கொண்டு நிற்க மாட்டாள். எல்லாம் முடிந்து கடைசியாகப் பொட்டு வைக்கும்போது பெண்ணின் காதில் குனிந்து எதையாவது சொல்லிவிடுவாள். மாப்பிள்ளையின் நடையைப் பற்றி இருக்கும், இல்லாவிட்டால் மாமியாரின் கொண்டையைப் பற்றி இருக்கும். தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணுக்கு அது ஞாபகம் வரும். தலையைக் குனிந்துகொண்டு உதட்டைக் கடிப்பாள். பார்க்கிறவர்கள், என்ன வெட்கம் பாருங்கள் என்பார்கள்.

கடை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் ஒரே அறை. ஒரு சுழல் நாற்காலி, சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, எப்போதும் கோபமாக ஓடும் ஒரு மேசை விசிறி. கீழே அவள் கணவன் ஹாரூனின் செருப்புக் கடை. ஹாரூன் அதிகம் பேசாதவர். ஆசிபா பேசுவது இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.

அவளுக்கு நாற்பது நெருங்கும்போதுதான் அது ஆரம்பித்தது. தலை துவட்டிக்கொண்டிருந்தவளின் பின்னால் நின்ற ஹாரூன், "இங்கன ஒரு ரூபா அளவுக்கு வழுவழுன்னு இருக்கே" என்று விரல் வைத்துக் காட்டினார்.

அடுத்த தெருவில் இருந்த ஹாரூனின் அக்கா ரசியா வந்து பார்த்து உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "புழுவெட்டு. உள்ள ஒரு புழு இருந்துக்கிட்டு வேரை வெட்டுது. சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேச்சா செத்துரும்."

ஆசிபா தேய்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "எந்தப் புழுவா இருந்தாலும் இந்நேரம் அழுதுக்கிட்டே ஓடிருக்கும் மதினி. எனக்கே தாங்கலை" என்றாள்.

வெங்காயத்துக்குப் புழு அசையவில்லை என்றதும் பூண்டு வந்தது. பூண்டுக்குப் பிறகு கரிசல் காட்டு ஓரத்தில் கொடியோடிக் கிடக்கும் ஆத்துத்தும்மட்டிக்காயை ரசியா யாரிடமோ சொல்லி வரவழைத்தாள். அதைத் தேய்த்ததில் மண்டைத் தோல் வெந்து கொப்புளம் போட்டதுதான் மிச்சம். ஒரு ரூபாய் அளவு உள்ளங்கை அளவாயிற்று. அந்தக் கோடை முடிவதற்குள் தலையில் ஒரு முடி இல்லை. முக்காடு இருந்ததால் வெளியே தெரியவில்லை. எப்படியும் போட்டுக்கொள்கிற முக்காடுதானே என்று ஆசிபா சமாளித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு காலையில் முகம் கழுவித் துண்டால் துடைத்தபோது இடது புருவத்தில் பாதி துண்டோடு வந்துவிட்டது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதாள். ஹாரூன் கதவுக்கு வெளியே நின்று, "ஆசிபா… ஆசிபா…" என்று கூப்பிட்டதோடு சரி. அன்று இரண்டு கடையும் திறக்கவில்லை.

ஊருக்கெல்லாம் புருவம் தீட்டுகிறவள் தனக்குத் தீட்ட எவ்வளவு நேரம் ஆகும்? தன் கல்யாணப் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு, அதே வளைவில், அதே நீளத்தில் பென்சிலால் வரைந்து கடைக்கு வந்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் சொல்லவில்லை.

சில நாள் கழித்து மின்சாரம் போன நேரத்தில் அவசரமாக வரைந்ததில் இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அன்றைக்கு அவளிடம் பேசிய ஒவ்வொருவரும் கேட்காமலே காரணம் சொன்னார்கள். வளையல் கொண்டுவரும் பையன் ஏன் பிந்தி வந்தேன் என்றான். பால்காரர் பாலில் தண்ணீர் இல்லை என்று அவராகவே சத்தியம் செய்தார். ஆசிபா மதியம் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, "அப்படியா? நிஜமாவா?" என்று கேட்பது போன்ற முகம்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கட்டட உரிமையாளர் வருகிற நாளில் இரண்டு புருவமும் மூக்கை நோக்கிப் பாயும். பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் வரும் நாளில் பணிவான, சாய்ந்த புருவம். துக்கம் விசாரிக்கிற சாக்கில் வாய் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த ஒற்றைப் புருவம். ரசியா அதன் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, "நான் யார்கிட்டயும் சொல்லலை ஆசிபா. பாரூக் பொண்டாட்டிகிட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்று தானாகவே கொட்டிவிட்டாள். ஹாரூன் காலையில் தேநீர் டம்ளரை நீட்டுவதற்கு முன் அவள் நெற்றியை ஒருமுறை பார்த்துக்கொள்ளப் பழகினார்.

இதெல்லாம் பகலில். வீட்டுக்கு வந்து முகம் கழுவியபின் அவள் கண்ணாடிப் பக்கம் போவதில்லை.

இடைசெவலைச் சேர்ந்த வேல்சாமியின் மகள் வனிதாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தது நல்ல வெயில் காலத்தில். மண்டபத்து மணப்பெண் அறையில் விசிறி மட்டும்தான். வனிதாவின் நெற்றியைத் துடைத்து ஆசிபா வேலையை ஆரம்பிக்கும்போது, வேல்சாமியின் அக்கா ஆறுமுகத்தாய் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். குடும்பத்தில் மூத்தவள், சத்தமாகப் பேசுகிறவள். ஆசிபாவின் முகத்தில் வியர்வையில் புருவம் லேசாகக் கரைந்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"ஏ வனிதா, நல்ல நாள் அதுவுமா ஒரு ரோமம் இல்லாதவ கையிலயா முகத்தைக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்க? வேற ஆளே ஊர்ல இல்லையா?"

அறை முழுக்கப் பெண்கள். ஆசிபாவின் கையில் பஞ்சு அப்படியே நின்றது.

"அத்தை, நீ சும்மா இரி" என்றாள் வனிதா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவிய போடலைன்னா எனக்கு மேக்கப்பே வேண்டாம். இப்படியே எண்ணெய் வழிய வந்து உக்காருதேன்."

ஆசிபா வனிதாவின் நெற்றியைத் துடைத்து முடித்தாள். வனிதாவுக்குச் செய்ய வேண்டியதைக் குறையில்லாமல் செய்தாள். காதில் சொல்ல வேண்டியதைச் சொல்லவும் மறக்கவில்லை. பெண் எழுந்து நின்றதும் அறையே வாயைப் பிளந்தது. அதைப் பார்த்த ஆறுமுகத்தாய்க்கும் ஆசை வந்துவிட்டது. அவசரம் இல்லாதவள் போல நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் லேசா பவுடர் போட்டு விடு. மாப்பிள்ளை வீட்டாளுக எல்லாம் வந்திருக்காவ" என்றாள்.

"போட்ருவோம் அக்கா" என்றாள் ஆசிபா மிக மரியாதையாக.

கன்னக் கருமையை மறைத்தாள். உதட்டுக்குச் சாயம் தடவினாள். புருவத்தை மட்டும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு விரற்கடை மேலே ஏற்றி, நல்ல வில்லாக வளைத்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்த ஆறுமுகத்தாய்க்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. திருப்தியாக எழுந்து போனாள்.

ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது. தாலி கட்டுகிற படத்தில் பின்னால் நின்ற ஆறுமுகத்தாய் அதிர்ச்சியில் உறைந்திருந்தாள். மாலை மாற்றும்போது திடுக்கிட்டிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா கும்பிடும்போது, இந்த ஆளா என்பது போலப் பார்த்தாள். பந்தியில் அப்பளத்தைப் பார்த்துக்கூட அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

ஆல்பத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அவள் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினாள். மாடிப்படியில் யாரோ ஒவ்வொரு படியாக, நின்று நின்று ஏறுகிற சத்தம் கேட்டது. ஆசிபா எட்டிப் பார்த்துவிட்டு, அவசரமாக இரண்டு புருவத்தையும் துடைத்துப் பணிவான புருவமாக மாற்றிக்கொண்டாள்.

ஆறுமுகத்தாய் மூச்சு வாங்க வந்து ஆல்பத்தை மேசையில் போட்டாள். "ஏட்டி, இது என்ன?"

ஆசிபா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். "போட்டோக்காரன் நல்லா எடுத்திருக்கானே அக்கா."

"போட்டோக்காரனா? என் தம்பி பொண்டாட்டி கேக்கா, 'மதினி, கல்யாண வீட்டுல தாலி கட்டுவாவன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா'ன்னு!"

ஆசிபா அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். ஆறுமுகத்தாய் முறைத்துக்கொண்டே நின்றாள். அப்பளப் படம் திறந்து கிடந்தது. அதைக் குனிந்து பார்த்தவளுக்கு வயிறு குலுங்க ஆரம்பித்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சிரித்து ஓய்ந்து இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"நீ செஞ்சது தப்புட்டி" என்றாள் ஆறுமுகத்தாய்.

"தப்புதான். நீங்க சொன்னது?"

"அதுவும் தப்புதான்." அவள் தன் கைகளைத் தூக்கிக் காட்டினாள். விரல் கணுக்கள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. "அன்னைக்குக் காலையில இதை மடக்கவும் முடியலை, விரிக்கவும் முடியலை. ஜாக்கெட் கொக்கியக்கூட இன்னொருத்தி மாட்டி விட்டா. அந்தக் கோவத்துல எவ எதுக்க வந்தாலும் கடிச்சிருப்பேன். நீ வந்த."

ஹாரூன் கீழேயிருந்து தேநீர் அனுப்பினார். ஆறுமுகத்தாய் டம்ளரை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் குடித்தாள். முடக்குவாதம் என்று சொன்னாள். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்க்கிறாளாம். பழைய மருந்துகள் கேட்காமல் போய், இப்போது புது மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறார்களாம்.

"உடம்பைக் காக்குத காவக்காரனே நம்ம மூட்டைப் போட்டு அடிக்கானாம். டாக்டர் அப்படித்தான் சொல்லுதாரு. அங்கன தோலு டாக்டரம்மா ஒருத்தியும் இருக்காவ. முடி கொட்டுனவளுவ வரிசையா உக்காந்திருக்கதைப் பாத்தேன். அடுத்த தடவ போறப்போ நீயும் வா."

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போனார்கள். ஜன்னலோர இடத்துக்கு வாசலிலேயே சண்டை. ஆறுமுகத்தாய் வென்றாள்.

தோல் மருத்துவர் உமாதேவி ஒரு சின்னக் கருவியை ஆசிபாவின் மண்டையில் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. முடி வேர் ஒண்ணும் சாகலைம்மா. துளையெல்லாம் அப்படியே திறந்திருக்கு. வேர் உள்ள பயந்து பதுங்கிக் கிடக்கு" என்றார்.

"யாருக்குப் பயந்து?"

"உங்க உடம்போட காவல் செல்களுக்கு. கிருமியைக் கொல்ல வேண்டியதுங்க, முடி வேரை அந்நியன்னு நினைச்சுச் சுத்தி நின்னு அடிக்குது."

பக்கத்தில் இருந்த ஆறுமுகத்தாய், நான் சொன்னேனில்லையா என்பது போல ஆசிபாவின் தொடையைத் தட்டினாள்.

டாக்டர் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். ஒரு செல் இன்னொரு செல்லோடு பேசுவது சிக்னலால்தான். சிக்னல் என்பது ரத்தத்திலும் திசுக்களிலும் மிதந்து வருகிற ஒரு சின்னப் பொருள். அது செல்லின் வெளிச்சுவரில் தனக்கென்று இருக்கும் இடத்தில் வந்து ஒட்டும். ஒட்டியதும் சுவருக்கு உள்பக்கம் இருக்கும் ஜேக் என்கிற நொதி விழித்துக்கொள்ளும். அது அடுத்த ஆளைத் தட்டி எழுப்பும். அந்த ஆள் செல்லின் நடுவே இருக்கும் கருவுக்குள் போய், 'தாக்கு' என்று சேதி சொல்லும். இந்த நோயில் காவல் செல்கள் அனுப்பும் சிக்னலைக் கேட்டு முடி வேர் கலவரப்பட்டு, தானும் ஒரு சிக்னல் அனுப்புகிறது. அதைக் கேட்டு இன்னும் நிறையக் காவல் செல்கள் கூடுகின்றன. கூடியவை மறுபடி சிக்னல் அனுப்புகின்றன. சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, அடங்குவதில்லை.

ஆசிபா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ எல்லாத்துக்கும் நடுவுல இருந்து கோள் மூட்டுதது இந்த ஜேக்குதான்?"

"அப்படியும் சொல்லலாம்."

"எங்க தெருவுலயும் ஒண்ணு இருக்கு டாக்டரம்மா. வாசல்ல ஒரு வார்த்தை விழுந்தாப் போதும், அடுப்படி வரைக்கும் கொண்டுபோயிரும்."

டாக்டர் சிரித்துவிட்டு மருந்துக்கு வந்தார். ஜேக்கை மட்டும் பேசவிடாமல் தடுக்கிற மாத்திரைகள் இருக்கின்றன. முதலில் எலிகளில் பார்த்தார்கள், பிறகு மனிதர்களில் சோதித்தார்கள். 2022இல்தான் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே முதல் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டிலேயே செய்ய ஆரம்பித்த பிறகு விலையும் இறங்கியிருக்கிறது.

"எல்லாருக்கும் முளைக்காது. மோசமாக் கொட்டுனவங்கள்ல பத்துக்கு மூணு நாலு பேருக்குத்தான் தலை நிறைய வருது. பொறுமையும் வேணும். காவல் செல்லோட வாயைக் கட்டுறோம், அதனால அக்கி மாதிரி ஏதாவது கிருமி வந்தா அதுக்கும் கொஞ்சம் மெத்தனமாத்தான் இருக்கும். காசநோய் உள்ள ஒளிஞ்சிருக்கான்னு முதல்ல பாக்கணும். கொழுப்பு, ஈரல் எல்லாம் அப்பப்போ பாக்கணும். மாத்திரையை நிறுத்துனா முடி திரும்பக் கொட்டவும் வாய்ப்பிருக்கு. இனிமே பிள்ளை பெத்துக்கிற யோசனை உண்டா?"

"அதை எங்க வீட்டுக்காரவியகிட்ட கேட்டுப் பாருங்க. கடையில இருக்குத செருப்பு எதையாவது மாட்டிக்கிட்டு ஊரை விட்டே ஓடிருவாவ."

பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்து, மருந்தகத்தில் மாத்திரைப் பெட்டியை வாங்கியபோது ஆறுமுகத்தாய் அதைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் மஞ்சள் பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தாள். இரண்டும் ஒன்று.

"ஏட்டி! முட்டு வலிக்கும் முடிக்கும் ஒரே மாத்திரையா? நம்மள ஏமாத்துதாவளா?"

மருந்தகத்துப் பெண் பொறுமையாகச் சொன்னாள். மூட்டில் நடக்கும் கலவரத்துக்கும் இதே சிக்னல் வழிதான் காரணம். ஒரே வழியை அடைத்தால் இரண்டு இடத்திலும் கலவரம் அடங்கும். இது முதலில் முடக்குவாதத்துக்குத்தான் வந்தது, பிறகுதான் முடிக்கும் உதவும் என்று கண்டார்கள். ஆறுமுகத்தாய் அதில் பாதியைத்தான் கேட்டாள். அவள் மனதுக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆசிபாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்கு முடி முளைக்கணும்னு குடுக்காவ. சரி. நானும் அதைத்தானே திங்கேன். அப்போ எனக்கு?"

அந்த மாத்திரை முடி வளர்க்கிற மருந்து இல்லை, அடிக்கிறவனை அடக்குகிற மருந்து மட்டுமே என்று ஆசிபாவுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. அவள் ஆறுமுகத்தாயின் மேலுதட்டை உற்றுப் பார்த்தாள். மோவாயை உற்றுப் பார்த்தாள். "ம்…" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

ஆறுமுகத்தாய் வீட்டில் அதற்குப் பிறகு கண்ணாடி கீழே இறங்கவில்லை. காட்டுக்குப் போகும் முன்பு ஒருமுறை, வந்தபின் ஒருமுறை மோவாயைத் தடவிப் பார்ப்பாள். ஆசிபா சந்தை நாளில் அவளைப் பார்த்தால், "வெயில்ல ஏதோ மின்னுதே அக்கா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். கடைசியில் ஆறுமுகத்தாய் வெட்கத்தை விட்டுத் தன் டாக்டரிடமே கேட்டாள். டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்களாம். அங்கிருந்தே ஆசிபாவுக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, நீ நல்லா இருப்பியா? ரெண்டு மாசமா நான் வாயில துணியக் கட்டிக்கிட்டுல்லா திரியுதேன்!"

ஆனால் அவள் திட்டுவதற்கு நடுவே ஒன்றைச் சொன்னாள். காலையில் எழுந்ததும் கை மடங்குகிறது. ஜாக்கெட் கொக்கியைத் தானே மாட்டிக்கொள்கிறாள்.

ஆசிபாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மாதங்கள் போயின. தலை அப்படியேதான் இருந்தது. ரசியா வரும்போதெல்லாம், "புழு மாத்திரையையும் தின்னுட்டுக் கிடக்கு போல" என்றாள். ஹாரூன் அக்காவைத் தூரத்தில் பார்த்ததும் மாடிக்குக் குரல் கொடுத்துவிடுவார்: "ஜேக் வருது!" அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நகைச்சுவை அது. அதனால் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒருநாள் கடை பூட்டும் நேரத்தில், பென்சில் புருவத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தவளின் முகத்தில் பக்கவாட்டில் விளக்கு விழுந்தது. புருவம் இருந்த இடத்தில் பூனை மயிர் போல ஏதோ தெரிந்தது. துடைத்தாள், போகவில்லை. ஹாரூனைக் கூப்பிட்டாள். அவர் ஏறி வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை அந்த இடத்தில் மெல்ல வைத்து ஒருமுறை தடவினார். கீழே இறங்கிப் போனார். காத்திருந்த வாடிக்கையாளருக்கு இரண்டும் இடது காலாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார். அந்த ஆள் விளாத்திகுளம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தாராம்.

முளைத்த முடி வெள்ளை. தலையிலும் வெள்ளை, புருவத்திலும் சுத்தமான பருத்திப் பஞ்சு வெள்ளை. இந்த நோயில் முதலில் அப்படித்தான் வரும், பிறகு கறுக்கும் என்று உமாதேவி சொன்னார். "மையைத் தடவு, பாக்கச் சகிக்கலை" என்றாள் ரசியா. ஆசிபா தடவவில்லை. அப்படியே ஊரெல்லாம் போய்வந்தாள். பஸ்ஸில் ஏறினால் கல்லூரிப் பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த கண்டக்டர், "பாட்டியம்மா, பாத்து, பாத்து" என்று கைலாகு கொடுத்து ஏற்றினார். ஆசிபா லேசாக முதுகை வளைத்துக் குரலை நடுங்கவிட்டு, "நல்லா இருய்யா" என்று ஆசீர்வதித்தாள். கூட வந்த ஆறுமுகத்தாய் நின்றுகொண்டே வந்தாள். "எனக்கு அம்பத்தஞ்சு வயசு. இவளுக்கு நாப்பது. எந்திரிட்டி, எந்திரி!" என்று அவள் போட்ட சத்தத்தை யாரும் நம்பவில்லை. வயசானவங்களை இப்படியா விரட்டுவது என்று ஒரு பெண் அவளுக்குப் புத்தி சொன்னாள்.

வலது புருவம் முதலில் கறுத்தது. இடது புருவம் வெள்ளையாகவே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஆசிபாவுக்கு விலாவில் எரிச்சல் எடுத்தது. அடுத்த நாள் கொப்புளம் கொப்புளமாக வரிசையாகக் கிளம்பிற்று. அக்கி என்று சொல்லி ரசியா அவளைக் காவி எழுதுகிறவரிடம் கூட்டிப் போனாள். அவர் விலாவில் காவியைக் குழைத்து ஒரு சிங்கம் வரைந்துவிட்டார். ஊரார் முகத்தில் வரைந்து பழகியவள், தன் மேல் ஒருவர் வரையும்போது, "வால் கொஞ்சம் குட்டையாப் போச்சே அண்ணாச்சி" என்று குறை சொன்னாள். அதுதான் அந்த வாரத்தில் அவள் பேசிய கடைசி வேடிக்கை. ராத்திரியெல்லாம் சூட்டுக்கோல் வைத்தது போல எரிந்தது. சிங்கத்தோடு திருநெல்வேலிக்கு வந்தவளைப் பார்த்து உமாதேவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கொப்புளம் வந்த அன்னைக்கே வந்திருக்கணும்! இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அக்கி வரலாம்னு சொன்னேனா இல்லையா? வைரஸுக்கு மருந்து சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் வேலை செய்யும்."

அக்கி ஆறும்வரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அக்கி ஆறியது. ஆனால் தலை சீவும்போது சீப்பில் மறுபடி முடி வர ஆரம்பித்தது. ஆசிபா சீப்பைக் கழுவாமல் அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் போன் பண்ணினால்கூட இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொண்டாள். இதைக் கேள்விப்பட்டு ஆறுமுகத்தாய் இடைசெவலிலிருந்து வந்தாள். வந்தவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு, நடுங்கும் குரலில், "பாட்டியம்மா, பாத்து, பாத்து" என்றாள். ஆசிபா சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து அவளுக்குச் சோறு போட்டாள்.

மாத்திரை திரும்ப ஆரம்பமாயிற்று. இந்த முறை மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. இடது புருவமும் கறுத்தது. தலையில் காதளவுக்கு முடி. பிடரிக்கு மேலே மட்டும் ஒரு இடம் இன்றுவரை வழுவழு என்றே இருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு மாத்திரை என்று கேட்டதற்கு உமாதேவி மழுப்பவில்லை. அளவைக் குறைத்துப் பார்க்கலாம், யாருக்கு எப்போது நிறுத்தலாம் என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள், தனக்கும் தெரியாது என்றார்.

"கொட்டுனா கொட்டட்டும் டாக்டரம்மா. முன்ன மாதிரி பயமில்லை" என்றாள் ஆசிபா. நிஜத்தைச் சொன்னால், பென்சில் புருவம் போனதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. கட்டட உரிமையாளர் இப்போது முகத்துக்கு நேராகவே வாதம் பண்ணுகிறார். ஹாரூனும் காலையில் நெற்றியைப் பார்த்து மனசைக் கண்டுபிடிக்க முடியாமல், "இன்னைக்கு எப்படி இருக்க?" என்று வாயைத் திறந்து கேட்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் கேள்வி ஆசிபாவுக்குப் பிடித்திருந்தது. அதனால் உடனே பதில் சொல்லமாட்டாள்.

போன தை மாதம் குளத்தூரில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்கு இடுப்பைத் தாண்டிய கூந்தல். நெருங்கி உட்கார்ந்து பின்னி, பூ வைத்துவிட்டு ஊர் திரும்பினாள் ஆசிபா. சில நாளில் தலை அரித்தது. முதலில் பயந்துபோய், மறுபடி ஏதாவது ஆரம்பிக்கிறதோ என்று சீப்பை எடுத்து வெள்ளைத் துண்டின் மேல் வாரினாள். துண்டில் ஒன்று விழுந்து, கால்களை ஆட்டிக்கொண்டு நகர்ந்தது.

"ஏங்க! மேல வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஹாரூன் ஒரு வாடிக்கையாளரின் காலைக் கையில் பிடித்தபடியே எழுந்துவிட்டார். "எனக்குப் பேன் வந்திருக்கு! பேனு!"

ஹாரூன் போய்ப் பேன் வாருகிற ஈருளி ஒன்று வாங்கிவந்தார். ரசியா கேள்விப்பட்டு, அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள். இந்த முறை ஆசிபா அவளைத் தடுக்கவில்லை. போதாதென்று தானும் இடைசெவலுக்குப் போன் போட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே ஆறுமுகத்தாய் வந்து இறங்கினாள்.

மாடி அறையில் சுழல் நாற்காலியில் ஆசிபா உட்கார்ந்திருக்க, பின்னால் நின்று ஆறுமுகத்தாய் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள். அவள் விரல்கள் முழுசாக நிமிரவில்லை, இனி நிமிரப்போவதும் இல்லை. ஆனால் வீக்கம் வற்றி, நுனியும் நுனியும் இப்போது சேர்ந்தன. ஒரு பேனைப் பிடித்தாள். இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் இடையில் வைத்து நசுக்கினாள். டப் என்று சத்தம் கேட்டது.

"கேட்டியாட்டி?" என்றாள் பெருமையாக.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எல்லாத்தையும் கொன்னுராதீங்க அக்கா. ஒண்ணு ரெண்டு இருக்கட்டும். டாக்டரம்மாகிட்ட காட்டணும்."

"சும்மா இரி. தலையை ஆட்டாத" என்று அவள் மண்டையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, ஆறுமுகத்தாய் அடுத்த வகிட்டைப் பிரித்தாள்.